பட்டம் இருக்கும்போது மின்வேலைக்கு லைசென்ஸ் எதற்கு?

மின்பொறியியல் பட்டம் வாங்கிய ஒருவர் கேட்டிருக்கிறார்: என் வீட்டு வயரிங்கை நானே செய்தால் சட்டப்படி செல்லாது என்கிறார்கள், ஆனால் கல்லூரிப் பக்கமே போகாத ஒருவரிடம் லைசென்ஸ் இருந்தால் அவர் செய்யலாம், லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒழுங்காகச் செய்கிறார்களா என்றால் அதுவும் இல்லை, அப்படியிருக்க அரசு எதற்கு இதில் தலையிட வேண்டும், எந்த நாட்டில்தான் இதைச் சரியாகச் செய்கிறார்கள்?

நியாயமான கேள்வி. நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு என்ன தெரியும் என்பதைப் பட்டம் சொல்லும். இந்த வேலையில் நாளைக்கு ஒருவர் அடிபட்டால் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்பதை லைசென்ஸ் சொல்லும். இரண்டும் வேறு வேறு. அப்புறம், லைசென்ஸ் மட்டும் தனியாக இருந்தால் பெரிய பயன் கிடையாது என்பதிலும் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். முடிந்த வேலையை மீட்டர் வைத்து அளப்பதும், அந்த அளவீட்டுக்குக் கீழே ஒரு ஆள் பெயர் எழுதிக் கையெழுத்து போடுவதும் சேர்ந்தால்தான் அந்த ஏற்பாடு உயிரைக் காப்பாற்றும். எந்த நாட்டைப் பார்த்தாலும் நான் இதைத்தான் முதலில் தேடுவேன்.

முதலில் அரசு ஏன் உள்ளே வந்தது என்பதைப் பார்ப்போம். குழாய் வேலை சரியில்லை என்றால் பெரும்பாலும் அன்றைக்கே ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும். மின்வேலை சரியில்லை என்றாலும் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும். எர்த் வயர் எதோடும் இணையாமல் சுவருக்குள் சும்மா கிடந்தாலும் வாஷிங் மெஷின் ஓடும். சுவிட்சை ஃபேஸில் (மின்சாரம் வரும் வயரில்) போடாமல் நியூட்ரலில் (அது திரும்பிப் போகும் வயரில்) போட்டாலும், அணைத்தால் பல்பு அணையத்தான் செய்யும். ஆனால் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும், அது பல்பு மாற்றக் கை வைக்கிறவருக்குத்தான் தெரியவரும். சரியாக முறுக்காத ஒரு டெர்மினல் ஸ்க்ரூ அன்றைக்கு ஒன்றும் செய்யாது. லோடு ஏறும்போதெல்லாம் கொஞ்சம் சூடாகும், சூட்டில் உலோகம் விரிந்து, ஆறும்போது சுருங்கி, இணைப்பு இன்னும் தளரும், தளர்ந்ததால் இன்னும் சூடாகும். சில வருடம் கழித்து ஒரு நாள் பலகை கருகும். பணம் கொடுத்தவருக்கு அந்த வேலை நல்லதா கெட்டதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே கிடையாது, தெரியவரும்போது செய்தவர் எங்கே இருக்கிறாரோ.

அடிபடுவதும் பணம் கொடுத்தவர் மட்டும் இல்லை. கரண்ட் போயிருக்கும்போது ஒருவர் ஜெனரேட்டரை, தெரு லைனைத் துண்டித்துவிட்டு வீட்டை ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல், ஏதோ ஒரு பிளக் வழியாக வீட்டு வயரிங்கில் கொடுக்கிறார், மெயினையும் அணைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 230 வோல்ட் தெருவுக்குப் போய் டிரான்ஸ்பார்மரின் தாழ்வழுத்தப் பக்கம் ஏறினால் மறுபக்கம் 11,000 வோல்ட்டாக வெளியே வரும். டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்ற பேதம் கிடையாது. லைனை அணைத்தாகிவிட்டது என்று நம்பி மேலே ஏறியிருக்கும் லைன்மேன் அந்த வீட்டுக்காரரைப் பார்த்தே இருக்க மாட்டார். "என் வீடு, என் ரிஸ்க்" என்ற வாதத்தை மின்சாரத்தில் நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

சரி, இப்போது பொறியாளர், எலக்ட்ரீஷியன் என்ற இரண்டையும் பிரித்துக்கொள்வோம். இரண்டு பேருக்குமான லைசென்ஸ் வேறு வேறு ஆபத்தைக் கட்டுப்படுத்த வந்தவை. பொறியாளர் தப்பு செய்தால் அது வரைபடத்தில் இருக்கும், நூறு கட்டடத்துக்குப் போகும். எலக்ட்ரீஷியன் தப்பு செய்தால் அது கையில் இருக்கும், அந்த ஒரு ஜங்ஷன் பாக்ஸுக்குள் இருக்கும்.

பொறியாளர்களுக்கு லைசென்ஸ் கேட்ட முதல் அமெரிக்க மாநிலம் வயோமிங், 1907-ல். அதன் பின்னணியில் மின்சாரமே கிடையாது. பாசனத் தண்ணீருக்கு உரிமை கேட்டு வந்த விண்ணப்பங்களோடு இருந்த வரைபடங்களை வக்கீல்களும் நோட்டரிகளும் தாங்களே வரைந்து பொறியாளர் என்று கையெழுத்து போட்டிருந்ததை அங்கே மாநிலப் பொறியாளராக இருந்த கிளாரன்ஸ் ஜான்ஸ்டன் பார்த்தார். அதிலிருந்து பிறந்தது அந்தச் சட்டம். டெக்சாஸில் 1937 மார்ச்சில் நியூ லண்டன் பள்ளிக்கூடத்தில் எரிவாயு கசிந்து வெடித்து ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், இறந்தார்கள். அதே வருடம் அங்கே பொறியாளர் சட்டம் வந்தது. இந்தச் சட்டங்களுக்குள்தான் மின்பொறியாளரும் வருகிறார். அங்கே நடைமுறை என்னவென்றால், அங்கீகரிக்கப்பட்ட பட்டம், ஓர் அடிப்படைத் தேர்வு, லைசென்ஸ் உள்ளவரின் கீழ் வழக்கமாக நான்கு வருட அனுபவம், பிறகு தொழில்முறைத் தேர்வு. மின்பொறியாளருக்கு அந்தக் கடைசித் தேர்விலேயே மூன்று பிரிவு உண்டு: பவர் ஒன்று, மின்னணுவியலும் கட்டுப்பாடும் தகவல்தொடர்பும் சேர்ந்து ஒன்று, கணினிப் பொறியியல் ஒன்று. பாஸானவர் தன் முத்திரையைத் தான் நேரடிப் பொறுப்பில் செய்த வரைபடத்தில் மட்டும்தான் வைக்கலாம். அடுத்தவர் வரைந்ததை வாங்கி முத்திரை குத்திக்கொடுத்தால் லைசென்ஸ் போகும்.

ஆனால் அமெரிக்காவிலேயே மின்பொறியாளர்களில் பெரும்பாலோரிடம் அந்த லைசென்ஸ் கிடையாது, அவர்களுக்குத் தேவையும் இல்லை. மோட்டார் வடிவமைப்பவர், சிப் வடிவமைப்பவர், ஒரு கம்பெனிக்குள் உட்கார்ந்து பொருள் செய்பவர் இவர்களுக்கெல்லாம் பல மாநிலங்களில் விலக்கு உண்டு. பொருளுக்குக் கம்பெனி பொறுப்பு, பொருளைத் தனியாகச் சோதித்துச் சான்று தரும் அமைப்புகளும் இருக்கின்றன என்பது அதற்கான நியாயம். கட்டடத்தின் மின்வடிவமைப்பு, துணை மின்நிலையம், மருத்துவமனைக்கு மாற்று மின்சாரம் என்று பொதுமக்கள் நேரடியாக நம்பியிருக்கிற வரைபடத்துக்குத்தான் முத்திரை கேட்பார்கள். ஆகவே "நான் எடுக்கணுமா?" என்று இளைய பொறியாளர்கள் கேட்டால், உன் வரைபடம் கம்பெனி வாசலைத் தாண்டி ஓர் அரசு அலுவலகத்துக்குப் போகுமா என்று திருப்பிக் கேட்பேன். போகும் என்றால் எடுங்கள், படித்தது மறக்கும் முன்பே எடுங்கள்.

இந்தியாவில் நிலைமை தலைகீழ். வக்கீலுக்கு 1961-ன் சட்டம் இருக்கிறது, கட்டடக் கலைஞருக்கு 1972-ன் சட்டம் இருக்கிறது, பொறியாளருக்கு அப்படியொரு தேசியச் சட்டம் கிடையாது. பட்டயப் பொறியாளர் (சார்ட்டர்டு என்ஜினியர்) என்று பொறியாளர் சங்கம் கொடுப்பது உறுப்பினர் தகுதி சார்ந்த பெயர். தொழில் செய்யவே அது வேண்டும் என்று பொதுவான சட்டம் சொல்லவில்லை. ஆனால் வயர்மேனுக்குச் சட்டம் உண்டு, அதுவும் பழைய சட்டம். 1956-ன் இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி, பிறகு மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிமுறைகள், அவற்றுக்குப் பதிலாக 2023-ல் வந்தவை என்று எல்லாமே ஒரே விஷயத்தைத்தான் தொடர்ந்து சொல்லி வருகின்றன: நுகர்வோர் இடத்தில் மின்நிறுவல் வேலையை மாநில அரசிடம் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் எடுக்க வேண்டும், தகுதிச் சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளர் நேரடியாகப் பார்க்க வேண்டும், அனுமதி உள்ள கம்பியாள் செய்ய வேண்டும். மூன்று அடுக்கு. பட்டம் வாங்கியவருக்குச் சட்டம் கேட்காத லைசென்ஸை கம்பி இழுப்பவரிடம் கேட்கிறார்கள் என்பது உங்களுக்கு உறுத்துகிறது என்றால், எனக்கும் உறுத்துகிறது, ஆனால் நான் சொல்வது கம்பியாளை விட்டுவிடுங்கள் என்று இல்லை, வடிவமைப்பவரையும் உள்ளே கொண்டுவாருங்கள் என்று.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு நேரடிப் பதிலும் அதே விதியில் இருக்கிறது. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச், 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுச் சாதனங்கள் இவற்றை, மின்நிறுவலின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றுவதற்கு இந்த மூன்று அடுக்கும் தேவையில்லை. ஆகவே பழுதான சுவிட்சை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். ஏசிக்குப் புதிதாக ஒரு லைன் இழுப்பது அதில் வராது. பட்டதாரிக்கு வழி அடைக்கப்படவும் இல்லை: பட்டமோ டிப்ளமோவோ உள்ளவர்கள், தேவையான அனுபவத்தைக் காட்டினால் மேற்பார்வையாளர் தகுதிச் சான்றிதழ் வாங்கப் பல மாநிலங்களில் வழி இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டால் நீங்கள் பார்த்துச் செய்த வேலைக்கு உங்கள் பெயர் வரும்.

எலக்ட்ரீஷியன் தேர்வு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் நான் ஜப்பானைத்தான் காட்டுவேன். அங்கே 1960-லிருந்து மின்பணியாளர் சட்டம் இருக்கிறது, இரண்டு வகுப்பு. வீடு, சிறிய கடை வரைக்கும் இரண்டாம் வகுப்பு போதும். அதற்கு மேல் முதல் வகுப்பு வேண்டும். இரண்டாம் வகுப்பில் எழுத்துத் தேர்வு முடிந்தவுடன் செய்முறைத் தேர்வு. 13 மாதிரிச் சுற்றுகளை வருடத் தொடக்கத்திலேயே வெளியிட்டுவிடுகிறார்கள், அதில் எது வரும் என்று மட்டும் தெரியாது. மேசை மேல் ஒரு பெட்டியில் கேபிள், சுவிட்ச், சாக்கெட், ஹோல்டர், இணைப்புக் குழல்கள் எல்லாம் இருக்கும், ஓர் ஒற்றைக்கோட்டு வரைபடம் இருக்கும், 40 நிமிடத்துக்குள் அதைத் தன் கருவிகளால் கட்டி முடிக்க வேண்டும், மின்சாரக் கருவி எதுவும் கூடாது. அப்புறம் பார்க்கிறவர்கள் என்ன பார்க்கிறார்கள் தெரியுமா? ஹோல்டரின் நியூட்ரல் முனையில் வெள்ளை வயர்தான் இருக்கிறதா, டெர்மினல் ஸ்க்ரூ செம்பைப் பிடிக்காமல் இன்சுலேஷனைக் கடித்துக்கொண்டிருக்கிறதா, உறையை உரிக்கும்போது கத்தி உள்வயரைக் கீறியிருக்கிறதா, இணைப்புக் குழலை நசுக்கியபோது சேர்ந்த வயர்களின் எண்ணிக்கைக்கும் தடிமனுக்கும் ஏற்ற குறி விழுந்திருக்கிறதா. அந்தக் குறி மாறியிருந்தால் இணைப்பு பார்வைக்கு நன்றாகவே இருக்கும், இழுத்தால்கூட வராது, ஆனாலும் அது குறைபாடு. ஒரே ஒரு குறைபாடு இருந்தாலும் ஃபெயில். பாதி மார்க் என்ற பேச்சே இல்லை. கடுமை என்று தோன்றலாம். ஒரு வீட்டில் இருக்கும் பல நூறு இணைப்புகளில் தீப்பிடிக்க ஒன்று போதும் என்பதால் எனக்கு அது சரியான அளவுகோலாகவே படுகிறது. முதல் வகுப்பு வாங்கியவர் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வகுப்புக்கு வந்து புதிய விதிகளைக் கேட்டுவிட்டுப் போகவும் வேண்டும்.

பெரிய நிறுவல்களுக்கு அங்கே தலைமை மின்பொறியாளர் என்று தனி உரிமமும் உண்டு, மூன்று வகுப்பாக. மூன்றாம் வகுப்புக்காரர் 50,000 வோல்ட்டுக்குக் கீழே, இரண்டாம் வகுப்புக்காரர் 1,70,000 வோல்ட்டுக்குக் கீழே, முதல் வகுப்புக்காரருக்கு வரம்பு இல்லை. சிங்கப்பூரிலும் இதே போக்கு. எரிசக்திச் சந்தை ஆணையம் மின்பணியாளரை எலக்ட்ரீஷியன், டெக்னீஷியன், என்ஜினியர் என்று மூன்றாகப் பிரித்து, எலக்ட்ரீஷியனுக்கு 45 கேவிஏ (நிறுவலின் மின்திறன் அளவு) வரைக்கும், டெக்னீஷியன் வடிவமைப்பதற்கு 150 கேவிஏ வரைக்கும் எல்லை வைத்திருக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது, கைவேலைக்காரரையும் பொறியாளரையும் ஒரே ஏணியில் வைத்திருப்பது. ஆபத்து எவ்வளவோ அவ்வளவு தகுதி கேட்கிறார்கள், சட்டையின் நிறத்தைப் பார்த்துக் கேட்கவில்லை.

அமெரிக்காவில் எலக்ட்ரீஷியனுக்குத் தேசிய லைசென்ஸ் என்று ஒன்று இல்லை. மாநிலம் கொடுக்கும், இல்லினாய்ஸ், பென்சில்வேனியா, நியூயார்க் மாதிரி சில மாநிலங்கள் அதைக்கூட நகரங்களிடம் விட்டுவிட்டன. பயிற்சி பெறுபவராகச் சேர்ந்து நான்கைந்து வருடம், பல இடங்களில் 8,000 மணி நேரம், லைசென்ஸ் உள்ளவரின் கீழ் வேலை செய்த பிறகுதான் தனியாகச் செய்யும் தேர்வுக்கே உட்கார முடியும். அடிப்படை விதிப்புத்தகம் மட்டும் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான்: 1897-ல் முதலில் வந்த தேசிய மின்விதித் தொகுப்பு, மூன்று வருடத்துக்கு ஒரு முறை திருத்தம். அதுவும் ஒரு தனியார் அமைப்பு எழுதுவது. மாநிலமோ நகரமோ ஏற்றுக்கொண்ட பிறகுதான் சட்டம் ஆகிறது, அதனால் பக்கத்துப் பக்கத்து மாநிலங்களில் வேறு வேறு பதிப்பு நடைமுறையில் இருப்பதும் உண்டு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: ஆளைக் கட்டுப்படுத்துவதா, வேலையைச் சோதிப்பதா?

ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் வயரிங் விதிப்புத்தகம் ஒன்றே, இரண்டு நாடும் சேர்ந்து போட்டது. ஆனால் ஆஸ்திரேலியாவில் லைசென்ஸ் இல்லாமல் உங்கள் சொந்த வீட்டில் ஒரு சாக்கெட் மாற்றினாலும் குற்றம். நியூசிலாந்தில் சொந்த வீட்டில் குடியிருப்பவர் சில வரம்புகளுக்குள் தானே வயரிங் செய்யலாம். ஆனால் மின்சாரம் கொடுக்கும் முன் உரிமம் பெற்ற இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, சோதித்து, சான்றிதழ் தர வேண்டும். இங்கிலாந்து மூன்றாவது வழியில் போனது. அங்கே எலக்ட்ரீஷியனுக்கு அரசு லைசென்ஸ் கிடையாது, பொறியாளர் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், பட்டயப் பொறியாளர் போன்ற பெயர்களுக்குத்தான் பாதுகாப்பு. 2005 ஜனவரியில் கட்டட விதிகளில் வீட்டு மின்வேலைக்கென்று ஒரு பகுதியைச் சேர்த்தார்கள்: பதிவுபெற்ற திட்டம் ஒன்றில் உறுப்பினராக இருந்தால் உங்கள் வேலைக்கு நீங்களே சான்று கொடுக்கலாம், இல்லையென்றால் உள்ளாட்சிக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

மூன்றில் நியூசிலாந்தின் தர்க்கம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது, ஒரு நிபந்தனையோடு. வேலையை யார் செய்தார் என்பதைவிட, செய்யாத ஒருவர் வந்து அளந்து பார்த்தாரா என்பது உயிருக்கு நெருக்கமான கேள்வி. நிபந்தனை என்னவென்றால், அந்த இன்ஸ்பெக்டருக்கு நேரமும் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர்கள் போதாத ஊரில் "செய்துவிட்டுச் சொல்லுங்கள், வந்து பார்க்கிறோம்" என்றால் யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. அங்கே செய்கிற ஆளையாவது தேர்வு வைத்து எடுப்பதுதான் மிச்சமிருக்கும் பாதுகாப்பு.

எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதிலும் உயிர் போயிருக்கிறது. 2009-ல் ஆஸ்திரேலிய அரசு பொருளாதாரத்தைத் தூக்கிவிட வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத்தடுப்பு போடும் திட்டம் கொண்டுவந்தது. வேகமாக ஆள் எடுத்தார்கள், கூரைக்குள் ஏறுகிற இளைஞர்களுக்கு மின்பயிற்சி கிடையாது, ஏனென்றால் அது மின்வேலை இல்லை. உலோகத் தகட்டுத் தாளை உலோக ஸ்டேபிளால் அடித்தார்கள். ஸ்டேபிள் தாளைத் துளைத்துக் கீழே போன கேபிளுக்குள்ளும் இறங்கினால் கூரை முழுக்க விரித்த தகடே ஃபேஸ் ஆகிவிடும். இரண்டு பேர் அப்படியே இறந்தார்கள். மூன்றாமவர் ஏற்கெனவே ஸ்க்ரூ ஒன்று துளைத்திருந்த கேபிளால், நான்காமவர் வெப்பத்தால். 2014-ல் அரச விசாரணை ஆணையமே உட்கார்ந்து அறிக்கை கொடுத்தது. மின்சாரம் லைசென்ஸ் பார்த்து வேலைக்காரரைப் பிரிக்காது. தச்சர், ஏசி பொருத்துபவர், சோலார் பலகை மாட்டுபவர் என்று கூரையிலும் சுவரிலும் கை வைக்கிற எல்லோருக்கும் அரை நாளாவது பாடம் வேண்டும்.

லைசென்ஸ் அளவு மீறிப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உண்மைக் கதை உண்டு, அதில் அகப்பட்டவரும் மின்பொறியியல் படித்தவர்தான். சுவீடனில் படித்த மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் குடியிருந்தார். 2013-ல் அவர் மனைவிக்குச் சிக்னல் கேமராவால் அபராதம் வந்தது. இவர் உட்கார்ந்து கணக்கு போட்டு, மஞ்சள் விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்ற பழைய சூத்திரம் வளைவதற்காக வேகத்தைக் குறைக்கும் வண்டிகளைக் கணக்கில் எடுக்கவில்லை என்று கண்டுபிடித்து, பலருக்கு எழுதினார், மாநிலப் பொறியாளர் வாரியத்துக்கும் எழுதினார். வாரியம் சூத்திரத்தைப் பார்க்கவில்லை. லைசென்ஸ் இல்லாமல் பொறியியல் செய்ததாகவும் தன்னைப் பொறியாளர் என்று சொல்லிக்கொண்டதாகவும் 500 டாலர் அபராதம் போட்டது. அவர் நீதிமன்றம் போனார். 2018 டிசம்பரில், உண்மையாகவே பொறியாளரான ஒருவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வதைத் தடுப்பது பேச்சுரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பு வந்தது. பின்னால் போக்குவரத்துப் பொறியாளர்களின் அமைப்பு தன் பரிந்துரையில் அவர் சொன்ன திருத்தத்தையும் எடுத்துக்கொண்டது. வரைபடத்தில் முத்திரை வைக்க லைசென்ஸ் கேளுங்கள், கணக்கு போட்டுக் கருத்து சொல்ல லைசென்ஸ் கேட்காதீர்கள் என்பதே என் கட்சியும்.

லைசென்ஸே தொழிலில் புதியவர் வராமல் தடுக்கிற வேலி என்று பொருளாதார அறிஞர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் 1950-களின் தொடக்கத்தில் உழைப்பாளிகளில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்குத்தான் மாநில லைசென்ஸ் தேவைப்பட்டது, 2008 வாக்கில் அது 25 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. இந்த எண்ணிக்கையில் முடி அலங்காரமும் மின்வேலையும் ஒன்றாகவே இருக்கின்றன, அப்படிச் சேர்த்துப் பார்ப்பது தப்பு. ஆனால் மின்வேலையிலேயே ஒரு வலி உண்டு: அனுபவ மணி நேரத்துக்கு ஏற்கெனவே லைசென்ஸ் உள்ளவர்தான் கையெழுத்து போட வேண்டும். அவருக்குத் தெரிந்த பையன், சொந்தக்காரப் பையன் என்றால் கையெழுத்து சீக்கிரம் கிடைக்கும். இருபது வருடமாகக் கைத்தொழிலாகவே கற்று, யாரிடமும் காகிதம் வாங்காமல், நுணுக்கமாக வேலை செய்கிறவர் வெளியே நிற்பார். இவர்களுக்கு ஜப்பான் மாதிரி கையைச் சோதிக்கிற தேர்வு போதும். எந்தப் பள்ளியில் படித்தாய், யாரிடம் இருந்தாய் என்று கேட்காமல், இதோ பெட்டி, இதோ 40 நிமிடம் என்று விட்டால் தெரிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டைக் கொல்கிறது எது என்றால், வாடகைக் கையெழுத்து. லைசென்ஸ் ஒருவர் பெயரில், வேலை இன்னொருவர் கையில், முன்னவர் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை, மாதாமாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு படிவத்தில் கையெழுத்து மட்டும். உங்கள் மேற்பார்வையாளர் சான்றிதழை அப்படிக் கொடுக்கச் சொல்லி உங்களிடமும் யாராவது வருவார்கள். கொடுக்காதீர்கள். விபத்து நடந்தால் விசாரணை அந்தப் பெயரைத் தேடித்தான் வரும். இந்தியாவில் மின்சாரச் சட்டம் 2003-ன் 161-ஆவது பிரிவே மின்விபத்தைத் தெரிவிப்பதற்கும் விசாரிப்பதற்கும் இருக்கிறது, மின் ஆய்வாளர் வருவார், கோப்பைத் திறந்தவுடன் முதலில் பார்ப்பது யார் சான்று கொடுத்தது என்பதைத்தான்.

வாடகைக் கையெழுத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சோதனை அறிக்கை என் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது எர்த் தொடர்ச்சி எண்களை, அதாவது எர்த் வயர் கடைசிவரை அறுபடாமல் போகிறதா என்று காட்டும் அளவீட்டை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒரு மீட்டருக்குச் சுமார் 12 மில்லி ஓம். 20 மீட்டர் தூரமுள்ள சுற்றில் ஃபேஸும் எர்த்தும் சேர்த்து ஏறக்குறைய 0.48 ஓம் வர வேண்டும், 5 மீட்டர் சுற்றில் 0.12. ஒரு வீட்டில் எந்த இரண்டு சுற்றும் ஒரே நீளத்தில் போவதில்லை. பன்னிரண்டு சுற்றுக்கும் 0.3, 0.3, 0.3 என்று வரிசையாக எழுதியிருந்தால் மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை என்று அர்த்தம். அடுத்தது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் சுற்றைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும் நேரம். தரவிதி 300 மில்லி செகண்ட் வரை அனுமதிக்கும், ஆனால் நல்ல ஆர்சிசிபி வழக்கமாக அதைவிட வெகு வேகமாக, 20-லிருந்து 40 மில்லி செகண்டுக்குள் விழும். அறிக்கையில் சரியாக 300 என்று எழுதியிருந்தால் அது விதிப்புத்தகத்திலிருந்து வந்த எண், சுவரிலிருந்து வந்த எண் இல்லை. மெகர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) அளவீடும் அப்படித்தான். 500 வோல்ட் வைத்து அளக்கும்போது குறைந்தது 1 மெகா ஓம் வேண்டும் என்பது விதி, புது வயரிங்கில் நூற்றுக்கணக்கில் காட்டும், எல்லா இடத்திலும் 1 என்று யாராவது எழுதியிருந்தால் அந்த வயரிங்கில் ஏதோ கோளாறு அல்லது அந்த ஆளிடம்.

வெளிநாடு போவதைப் பற்றியும் சிலர் கேட்பதால் சுருக்கமாக. பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் 1989-ன் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியம் 2014-ல் முழு உறுப்பினர் ஆனது. அந்த ஒப்பந்தம் அங்கீகாரம் பெற்ற படிப்புகள் சமம் என்று மட்டும்தான் சொல்கிறது, போன இடத்தில் தொழில்முறைத் தேர்வும் அனுபவமும் உங்களிடம் கேட்பார்கள். எலக்ட்ரீஷியன் லைசென்ஸ் அதையும்விடக் கெட்டி, பல நாடுகளில் மாநில எல்லையையே தாண்டாது. கனடாவில் மாகாணங்களுக்குப் பொதுவாக ரெட் சீல் என்ற சான்று வைத்திருக்கிறார்கள், அந்த மாதிரி ஏற்பாடு மற்ற இடங்களிலும் வந்தால் நல்லது.

கடைசியாக, உங்கள் வீட்டு வேலைக்கு. லைசென்ஸ் உள்ள ஒப்பந்ததாரரை வைத்துக்கொண்டு, உங்கள் பட்டத்தை அவரோடு சேர்ந்து பயன்படுத்துங்கள். சுற்று வாரியாக வயர் அளவும் எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) அளவும் போட்ட வரைபடத்தை நீங்களே வரைந்து கொடுங்கள், சுவர் பூசும் முன் பைப் போகிற பாதையைப் படம் எடுத்து வையுங்கள், அளக்கும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். உரிம எண்ணும் காலாவதித் தேதியும் அறிக்கையிலேயே இருக்க வேண்டும். கையெழுத்து போடுகிறவர் வேலை நடந்தபோது வந்தவரா என்று பாருங்கள். அளவீடு எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தால் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.